மஞ்சள் தடவி வந்த வைரஸ்

1

நான் வேலை பார்க்கும் கப்பல் பட்டறையில் வருடத்துக்கு ஒருமுறை எங்களை உட்காரவைத்து அறிவு புகட்டுவார்கள். கைப்பேசியையும் கணினியையும் திருடர்களிடமிருந்து காப்பது எப்படி என்கிற அறிவு. நார்வேயில் மழை வலுத்துக் குளிர் இறங்கும் காலத்தில் இது நடக்கும். வெல்டிங் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, சாப்பாட்டு அறையில் வரிசையாக உட்கார்ந்து ஒரு கார்ட்டூன் படம் பார்க்க வேண்டும். படத்தில் வரும் திருடன் கறுப்பு முக்காடு போட்டிருப்பான். கையில் தூண்டில் வைத்திருப்பான். பார்த்த மாத்திரத்தில் பச்சைக் குழந்தைகூட அவனைத் திருடன் என்று சொல்லிவிடும்.

நேற்றும் அது நடந்தது. படம் முடிந்ததும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண், "உங்களில் யாராவது இப்படி ஏமாந்ததுண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஒருவரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. "அருமை" என்று சொல்லி எல்லாருக்கும் கேக் கொடுத்தாள். என் பங்கை ஒரு காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

என்னிடம் வந்தவன் முக்காடு போட்டு வரவில்லை. பிள்ளையார் படம் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, "எங்கள் இல்லத் திருமண விழா, அவசியம் வருகை தரவும்" என்று கும்பிட்டுக்கொண்டு வந்தான். என் கூடப் பிறந்த அக்காவின் எண்ணிலிருந்து வந்தான். போன வருடம் இதே மாதம்தான். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

2

போடியில் என் அக்கா வீட்டுக்காரர் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கிறார். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயைத் தரம் பிரித்து ஏலத்துக்கு அனுப்பும் கடை. அக்கா முருகேஸ்வரி, தரம் பிரிக்கும் பெண்களோடு உட்கார்ந்து தானும் பிரிப்பாள். அவர்களுக்கு ஒரே மகள், பவித்ரா. அவளுக்கு நான் ஒரே தாய்மாமன்.

தாய்மாமன் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. என் மகள் நிலாவுக்கே புரியவில்லை. நார்வேயில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேர் தனி வரியில், தடித்த எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஒருநாள் அவளுக்குச் சொன்னேன்.

"உங்க பேரு உங்களுக்கே தெரியும்தானே அப்பா? அதை எதுக்குப் பேப்பர்ல பாக்கணும்?" என்றாள்.

என்ன பதில் சொல்வது? சொந்தக்காரர் ஒருவர், தன் பேருக்கு முன்னால் போட வேண்டிய பட்டத்தை விட்டுவிட்டார்கள் என்பதற்காகப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டாரும் இலையை மடித்துவிட்டுப் பின்னாலேயே போனார்கள். பாயசம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் பத்திரிகை வாங்கியதும் மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டார்கள். முகூர்த்த நேரம் பார்க்க மாட்டார்கள். கண் நேராகக் கீழே ஓடும். தன் பேர் இருக்கிறதா, எத்தனையாவதாக இருக்கிறது, பங்காளி பேருக்கு மேலேயா கீழேயா. இதைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பவித்ராவுக்கு அப்போது ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். போடிமெட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் மகன், கார்த்தி. அப்பாவை எல்லாரும் மெட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தோட்டத்துக் காய் மச்சான் கடைக்குத்தான் வரும். பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையனும் பெண்ணும் போனில் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். பவித்ரா என்னிடம், "நல்லவரா இருக்காரு மாமா. பேசினா சிரிப்பு வருது" என்று சொன்னாள். யாரைப் பற்றியும் அப்படிச் சொல்லாத பெண் அவள். பாக்கு வெற்றிலை மாற்ற வேண்டியது மட்டும்தான் பாக்கி. இரண்டு வீட்டாரும் ஊரில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உறுதியாகும் வரை வெளியே தெரியக் கூடாது என்று மெட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

3

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது வந்தது. அக்காவின் எண். மேலே பிள்ளையாரும் மஞ்சளும் அழைப்பு வாசகமுமாக ஒரு படம், கீழே "கல்யாண பத்திரிகை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரிட்ட ஒரு கோப்பு.

எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. நிச்சயம் எப்போது நடந்தது? பத்திரிகை எப்போது அடித்தார்கள்? தாய்மாமனிடம் ஒரு வார்த்தை இல்லையா? குளிர்ப் பிரதேசத்தில் இரும்பு ஒட்டிக் கிடப்பவன்தானே, இவனைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துவிட்டார்களா? ஊரை விட்டு வந்தவனுக்கு இந்தச் சந்தேகம் ஒரு நாளும் போகாது. நாம் இல்லாமலேயே அங்கே எல்லாம் நடக்கிறது என்ற சந்தேகம். அந்தத் திருட்டுப் பயல் எவனோ, எந்த ஊரில் உட்கார்ந்து அதைச் செய்தானோ, எங்களை அக்குவேறு ஆணிவேறாகப் படித்து வைத்திருக்கிறான்.

அழுத்தினேன். போன் ஏதோ கேட்டது. என் போன் நார்வே மொழியில் இருக்கிறது. மொழி வகுப்பு ஆசிரியை, "எல்லாவற்றையும் இந்த மொழிக்கு மாற்றுங்கள், அப்போதுதான் படிவீர்கள்" என்று சொன்னதைக் கேட்டு மாற்றியது. வெளிநாட்டில் காலம் தள்ளியவர்களுக்குத் தெரியும். நகராட்சி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, வாடகை வீடு என்று ஒவ்வோர் இடத்திலும் பாதி புரிந்த காகிதத்துக்குத் தலையாட்டித்தான் நம் வாழ்க்கை ஓடுகிறது. "யா" என்றால் ஆமாம். நானும் "யா"வை அழுத்தினேன். இன்னொன்று கேட்டது. யா. மறுபடி எதற்கோ அனுமதி கேட்டது. அதற்கும் யா. அந்த எச்சரிக்கையைப் பிற்பாடு அகராதி வைத்துப் படித்தேன். இந்தச் செயலி உங்கள் கைப்பேசிக்குத் தீங்கு செய்யலாம் என்று தெள்ளத் தெளிவாகச் சொல்லியிருந்தது.

பத்திரிகை திறக்கவில்லை. வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நின்றது. அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மச்சானைக் கூப்பிட்டு, எடுத்தவுடன் ஏறினேன்.

"மச்சான், தாய்மாமன் செத்துட்டான்னு நினைச்சு பத்திரிகை அடிச்சுட்டீங்களா?"

"என்ன பத்திரிகை மாப்ளே?"

"அக்கா அனுப்பியிருக்கே!"

"இரு, இரு. எனக்கும் ஏதோ வந்து கெடக்கு."  பின்னால் சல்லடையில் காய் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. "என்னடா இது, பொண்ணப் பெத்தவன் எனக்கே தெரியாம என் மக கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சுப்புட்டாளா இவ? என்னமோ கேக்குது. அமுக்குறேன். ம்ஹும், தொறக்க மாட்டேங்குது மாப்ளே."

இப்படித்தான் மச்சானுடைய போனும் போயிற்று. நான் லைனில் இருக்கும்போதே போயிற்று.

4

அரை மணி நேரத்தில் எங்கள் மேற்பார்வையாளர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உனக்குக் கல்யாணமாமே, வாழ்த்துகள் என்றார். என் போன் அவருக்கும் பத்திரிகை அனுப்பியிருந்தது. நிலாவின் பள்ளி ஆசிரியைக்கும் போயிருந்தது. தனிப்பட்ட விழாக்களில் கலந்துகொள்ள எங்களுக்கு அனுமதி இல்லை, ஆனாலும் மகிழ்ச்சி என்று அவள் பதில் எழுதியிருந்தாள். கூட வேலை பார்க்கும் போலந்துக்காரன் ஒருவன் கட்டைவிரல் படம் போட்டிருந்தான். இந்த ஊர்க்காரர்கள் ஒருவர்கூட அதைத் திறக்கவில்லை. அதில் தங்கள் பேர் இருந்தாக வேண்டும் என்ற அவசியம் அவர்கள் யாருக்கும் இல்லை. போடியில் அதைத் திறக்காதவர்கள்தான் குறைவு.

நிலா என் எண்ணையே தடுத்துவிட்டாள். வீட்டுக்குப் போய், "பெத்த அப்பனையே பிளாக் பண்ணிட்டியா?" என்று கத்தினேன்.

"பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க அப்பா. வைரஸ் வந்த நம்பரை முதல்ல தடுக்கணும்" என்று காதிலிருந்த கருவியைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். சரியான காரியம்தான். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது. சுத்தம் செய்த பிறகும் பல வாரம் அந்தத் தடையை எடுக்க அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

இந்த நாட்டில் கைப்பேசிதான் ஆள். வங்கி, மருத்துவர், வரி, சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் அதன் வழியாகத்தான் நான் நான் என்று நிரூபிக்க வேண்டும். அந்த அடையாளத்தை நிறுத்திவைக்கக் கேட்டேன். இணையத்தில் நுழைந்து செய்யுங்கள் என்றார்கள். நுழைவதற்கு அந்த அடையாளமே வேண்டுமாம். உதவி எண்ணில் பேசியவரிடம் என்ன ஆயிற்று என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிப் படித்த நார்வே மொழி என்னுடையது. "என் போனுக்கு உடம்பு சரியில்லை, தொற்றிக்கொண்டது, மற்றவர்களுக்கும் பரவுகிறது" என்று சொன்னேன். அவர் மிகவும் மரியாதையாக, மருத்துவ அவசர எண்ணைக் கொடுத்தார்.

ஊர்ப் பக்கம் மச்சான் புகார் கொடுக்கப் போனார். அங்கே ஒரு அலுவலகத்தில், "காசு போச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். போகவில்லை என்றிருக்கிறார். "காசு போகலேன்னா அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். காசு போனால்தான் அங்கே குற்றம்.

5

பத்திரிகை வந்த அன்று மாலையே நான் வேறொரு போனிலிருந்து அக்கா வீட்டுத் தரைவழித் தொலைபேசிக்குக் கூப்பிட்டேன். கடைக் கணக்குக்காக மச்சான் இன்னும் அதை வைத்திருக்கிறார். அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"கூட காய் பெறக்குற பொம்பள நம்பர்ல இருந்து வந்துச்சுப்பா. அவ மகளுக்குத்தான் கல்யாணம்னு நெனச்சேன். தொறந்து பாக்கலேன்னா நம்மள மதிக்கலேன்னு நெனப்பாள்ல? தெருவுல நடக்க முடியல தம்பி. 'நேர்ல தட்டு வச்சு அழைக்காம போன்ல அனுப்புறாளே, அம்புட்டுத் திமிரா'ன்னு உன் பெரியம்மா வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்தாத குறையாப் பேசிட்டுப் போகுது."

வைரஸ் என்று சொன்னால் யாரும் நம்பவில்லையாம். அழைக்காததற்கு இது ஒரு சாக்கு என்கிறார்களாம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பட்டறையில் வருடா வருடம் ஊட்டுகிறார்களே, அதைத்தான் சொன்னேன். "எல்லாப் போனையும் வெரசா ஆஃப் பண்ணு. கடையில குடுத்து அழிச்சுச் சுத்தம் பண்ணி வாங்குற வரைக்கும் எதையும் போடாத."

பின்னாலிருந்து பவித்ரா கத்தினாள். "மாமா, என் போன்ல ஒண்ணும் இல்ல. நான் அதைத் தொடவே இல்ல!"

"ஒரே வீட்டுல இருக்கு, ஒரே இணைப்புல இருக்கு. அதையும் ஆஃப் பண்ணு" என்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியும் என்பது அவர்கள் நினைப்பு. நான் வெல்டர் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, அந்த நினைப்பிலேயே குளிர் காய்ந்துகொண்டிருந்தேன். மச்சான், மகளின் போனைப் பிடுங்கி அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் சொன்னேன் என்பதற்காகத்தான்.

போடி பஜாரில் போன் பழுது பார்க்கும் கடையில் அந்த வாரம் திருவிழாக் கூட்டம். ஏலத்துக்கு வரும் வியாபாரிகள் பாதிப் பேர் மச்சானின் பத்திரிகையைத் திறந்திருந்தார்கள். தராசுக்காரர், ஜீப் ஓட்டுகிறவர், சாக்குக் கடைக்காரர் எல்லாரும் வரிசையில் நின்று மச்சானைத் திட்டினார்கள். மச்சானின் முறை வர ஒரு வாரம் ஆயிற்று.

6

மெட்டுக்காரரின் எண்ணும் மச்சான் போனில் இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவருக்கும் வந்திருக்கிறது. தோட்டத்தில் நின்று திறந்திருக்கிறார். வெள்ளைப் பக்கம். பாக்கு மாற்றவில்லை, நாள் குறிக்கவில்லை, ஊருக்குச் சொல்லாதே என்று சொல்லியும் பெண் வீட்டிலிருந்து பத்திரிகை. அப்படியானால் பெண்ணை வேறு இடத்தில் கொடுக்கிறார்கள். தெரியாமல் நமக்கும் அனுப்பித் தொலைத்துவிட்டார்கள். வேறு என்ன அர்த்தம் எடுப்பார் மனிதர்? ஆனாலும் நிதானமானவர். மச்சானைக் கூப்பிட்டிருக்கிறார், போன் அணைந்திருந்தது; தரைவழி எண் அவரிடம் இல்லை. கார்த்தி பவித்ராவைக் கூப்பிட்டிருக்கிறான், அதுவும் அணைந்திருந்தது. மறுநாளும் கூப்பிட்டிருக்கிறான். முகம் கொடுக்க முடியாமல் ஒளிகிறார்கள் என்று அப்பாவும் மகனும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்த வேறொரு வீட்டில் அந்த வாரத்து முகூர்த்த நாளிலேயே பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஜீப்புக்காரர் ஒருவர் சொல்லித்தான் மச்சானுக்கு விஷயம் தெரிந்தது. அப்படியே அந்த ஜீப்பிலேயே மெட்டுக்கு ஏறிப் போனார். வளைவு வளைவாக வாந்தி எடுத்துக்கொண்டு போனாராம். மலைப் பாதை அவருக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளாது. மெட்டுக்காரர் திட்டவில்லை. டீ கொடுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்.

"சாரமில்ல, விடுங்க" என்றாராம். எல்லைப் பக்கத்து ஆட்கள் பரவாயில்லை என்பதற்குச் சொல்லும் மலையாள வார்த்தை. "உங்க மேல தப்பில்ல. ஆனா நான் பாக்கு மாத்திட்டேனே. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

மச்சான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். திரும்பி இறங்கி வந்துவிட்டார்.

இப்போது நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பத்திரிகையும் உங்கள் போனில் குடியேற அனுமதி கேட்காது. படமாக வரும், பார்க்கலாம், அவ்வளவுதான். நிறுவட்டுமா என்று கேட்டால் அது பத்திரிகை இல்லை. கோப்பின் பெயர் ஏ.பி.கே (.apk) என்று முடிந்தால் அது ஒரு செயலி; அனுப்பியவர் அம்மாவாகவே இருந்தாலும் தொடாதீர்கள். கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். தொட்டுவிட்டால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள். உங்கள் எண் யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு வேறு போனிலிருந்து வாயால் சொல்லுங்கள், முக்கியமானவருக்கு முதலில் சொல்லுங்கள். கறைபடாத போன் ஒன்று வீட்டில் இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து எவனாவது எல்லாம் தெரிந்தவன் மாதிரிப் பேசி அதையும் அணைக்கச் சொன்னால், போடா என்று சொல்லுங்கள்.

7

போன் திரும்பக் கைக்கு வந்ததும் பவித்ரா முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். நான் பட்டறையில் இருந்தேன். சத்தமாக இருந்ததால் வெளியே கப்பல் மேடைக்கு வந்து மழையில் நின்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். "விடும்மா. ஒரு வாரம் போன் எடுக்கலேன்னதும் மாறிப்போற பையன் நமக்கு எதுக்கு? அந்தத் திருட்டு நாய்களைச் சும்மா விடக்கூடாது. எவனோ எங்கயோ உக்காந்துக்கிட்டு..."

"அவனுகள விடுங்க மாமா. அவனுகளுக்கு நான் யாருன்னே தெரியாது" என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அத நீங்க எதுக்குத் தொறந்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "தாய்மாமன் பேரு போட்டிருக்கான்னு பாக்கத்தாம்மா."

"அப்பாவும் அதேதான் சொன்னாரு. தன்னக் கேக்காம அடிச்சுட்டாங்களான்னு பாத்தாராம். உங்க பெரியம்மா அது மக பேரு இருக்கான்னு பாத்துச்சாம். தெரு பூரா அப்படித்தான் பாத்துருக்கீங்க." அவள் குரல் ஏறவே இல்லை. "எனக்குக் கல்யாணம்னு நெனச்சுத்தானே எல்லாரும் அமுக்குனீங்க? என் பேருக்குப் பக்கத்துல யாரு பேரு இருக்குன்னு பாக்கலாம்னு ஒருத்தருக்காச்சும் தோணுச்சா மாமா?"

பதிலுக்கு அவள் காத்திருந்தாள். வைத்துவிடவில்லை.

எனக்குத் தோன்றவில்லை.